கப்பிரி முத்தப்பன் வழிபாடு

கேரளத்தின் மேற்குக் கொச்சியில், சுள்ளிக்கல், மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி வட்டாரத்தில் வழங்கிவரும் நாட்டார் வழிபாடு. கப்பிரி எனப்படும் ஆப்பிரிக்க அடிமையின் ஆவியே இங்கே தெய்வம். வடகேரளத்துப் பறச்சினிக்கடவு முத்தப்பன் வேறு. இருவருக்கும் கள் படைப்பார்கள் என்பதோடு ஒற்றுமை முடிந்தது.

போர்த்துகீசியர் 1503இல் கொச்சியில் கோட்டை கட்டினர். அவர்களது கப்பல்களில் ஆப்பிரிக்க அடிமைகளும் வந்திறங்கினர். 1663 ஜனவரியில் டச்சுக்காரர்கள் நகரைப் பிடித்தபோது, கொண்டுபோக முடியாத பொன்னையும் பொருளையும் சுவருக்குள்ளும் மரத்தடியிலும் மறைத்த போர்த்துகீசியர், காவலுக்கு அடிமைகளையும் உடன்வைத்துப் புதைத்தார்கள் என்பது ஊர்க்கதை. கொடுமை முழுவதையும் தோற்றவர் தலையில் கட்டுகிறது இக்கதை. வென்ற டச்சு கம்பெனியும் கொச்சியில் அடிமை வாணிகம் நடத்தியது என்பதை அது மறந்துவிட்டது.

பூசாரி இல்லை, மந்திரம் இல்லை, திருவிழா நாளும் இல்லை. மட்டாஞ்சேரி மங்காட்டுமுக்கில் மதிலை ஒட்டிய சிறு மாடத்தில் சிலைகூடக் கிடையாது. வருகிறவர்கள் மெழுகுவர்த்தி ஏற்றி, வேண்டிக்கொண்டு போகிறார்கள். படையல் கள், சுருட்டு, புட்டு, இறைச்சி, முட்டை. மதில்மேல் உட்கார்ந்து சுருட்டுப் பிடிக்கும் கப்பிரியைப் பற்றிப் பாட்டிமார் சொல்லும் கதைக்கு ஏற்ற படையல்தான். மெழுகுவர்த்தியோ, லத்தீன் கத்தோலிக்கர் மிகுந்த இக்கரையின் குருசடிகளில் பழகிய பொருள். இந்து, கிறித்தவர், முஸ்லிம் என்ற வேறுபாடு இங்கே பார்ப்பதில்லை.

ஆப்பிரிக்கத் தொடர்புள்ள மரபுகள் வேறிடங்களிலும் உண்டு. குஜராத்தின் சித்திகள் ரத்தன்பூரில் பாவா கோர் தர்காவில் இன்றும் தமால் ஆட்டம் ஆடுகிறார்கள். இலங்கையில் புத்தளம் அருகே சிராம்பியடி காப்பிரியர் மஞ்சா பாட்டைக் காத்துவருகிறார்கள். அங்கெல்லாம் சடங்கைச் சுமப்பது ஆப்பிரிக்க வழிவந்தவர்களே. கொச்சியில் அப்படித் தனித்த சமூகம் எதுவும் எஞ்சவில்லை. உள்ளூரார்தான் அயலானைத் தங்கள் மூதாதையாக ஏற்றுக் கும்பிடுகிறார்கள். இந்த மரபின் விசித்திரமே இதுதான்.

கப்பிரியின் தொழிலும் மாறியிருக்கிறது. புதையல் காத்த பூதம், வழிதவறியவருக்குத் துணைநிற்கும், கேட்ட காரியம் முடித்துத்தரும் முத்தப்பனாகிவிட்டது. பழைய மதில்களும் மரங்களும் குறையக் குறைய, தெருவெங்கும் திரிந்த கப்பிரி ஒருசில மாடங்களில் ஒதுங்கிவிட்டார். கேரள சாகித்திய அகாதெமி விருது பெற்ற பி. எஃப். மாத்யூஸின் ‘அடியாளப்பிரேதம்’ நாவல் அவரை மலையாள இலக்கியத்துக்குள்ளும் கொண்டுவந்திருக்கிறது.