ஒரு நாவும் பல செவிகளும்

ஒருவர் உரைக்க ஒருவர் கேட்குமிடத்துச் செய்தி எளிது. பலர் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொள்ளுமிடத்தோ, யார் பேசுவது, யார் வாய்மூடுவது, யார் தவறாது கேட்பது என்னும் மூன்றும் நெறிப்படுத்தப்படல் வேண்டும். புகையிரதத்தின் வரலாறு இவ்வுண்மையைத் துன்பத்தின் வாயிலாகவே கற்பித்துளது.

1874 செப்டெம்பர் 10 ஆம் நாள் இரவு, இங்கிலாந்தின் நோரிச்சு நகருக்கண்மையில், தோர்ப்பு என்னுமிடத்து ஒற்றைப் பாதையில் இரு வண்டிகள் நேருக்கு நேர் மோதின. 25 பேர் மாண்டனர். அதிகாரி கையொப்பமிடாத அனுமதியொன்று தந்தியிற் சென்றுவிட்டமையே காரணம். பேசக்கூடாத நா பேசிவிட்டது. இதன் பின் 1878 இல் எட்வேட் தயர் என்பார் தகட்டுக் கருவியை அமைத்தார். அடுத்தடுத்த இரு நிலையங்களின் பெட்டிகள் மின்கம்பியாற் பிணைக்கப்பட்டன. ஒரு பெட்டியிலிருந்து தகடொன்றை எடுத்தால், அது மீண்டும் பெட்டியுட் சேருமளவும் இரண்டும் பூட்டுண்டு கிடக்கும். தகடு பெறாத வண்டி அப்பகுதியுட் புகலாகாது. இலங்கையின் ஒற்றைப் பாதைகளும் இம்முறையை ஏற்றன.

வானொலிக் கட்டுப்பாட்டு மேசைகளும் இந்நெறியின் வழிவந்தவையே. ஒரே வானொலிக் கருவியுடன் இரு மேசைகள் சமாந்தரமாக இணைக்கப்படும்பொழுது, ஒருவரது பேச்சு மற்றவரது ஒலிபெருக்கியில் எழுந்து, மீண்டும் ஒலிவாங்கியுட் புகுந்து ஊளையிடும். தென்மார்க்கு அறிஞர் லாசன் ஆராய்ந்த விளைவு இதுவே. ஆதலின் ஒருவர் பேச்சுச் சாவியை அழுத்தியவுடன் அயல் மேசையின் ஒலியை அடக்குமாறு இணைப்புச் செய்வர். விளக்கொன்று எரிந்து பாதை பயனிலிருப்பதை அறிவிக்கும். மேற்பார்வையாளரின் மேசைக்கு ஏனைய மேசைகளை இடைமறித்துப் பேசும் உரிமையும் உண்டு. எனினும் சாவியை விட்டவுடன் அடக்கிய ஒலி தானே மீளல் வேண்டும். மீளாதாயின், மௌனமான மேசை செவிடான மேசையாகிவிடும்.

செவி இல்லாமையால் விளையுங் கேட்டிற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. கொழும்புக் கோட்டையிலிருந்து வெள்ளவத்தை வழியே கடலோரமாகச் செல்லும் பாதை 1895 இல் மாத்தறையை எட்டிற்று. 2004 டிசெம்பர் 26 ஆம் நாட் காலை, மாத்தறை செல்லும் வண்டி அப்பாதையிற் புறப்பட்டுச் சில நிமிடங்களில் சுமாத்திரா அருகே கடலடி நிலம் அதிர்ந்தது. கடற்கோளின் முதற் செய்தி வந்தபொழுது, மருதானைக் கட்டுப்பாட்டு அலுவலகத்தார் கரையோரப் பாதையில் எட்டு வண்டிகளை நிறுத்தினர். மாத்தறை வண்டியை மட்டும் எட்ட முடியவில்லை. அம்பலாங்கொடை நிலையத்துத் தொலைபேசி ஒலித்தது. ஊழியர் யாவரும் அவ்வண்டியின் பணியிலேயே ஈடுபட்டிருந்தனர். ஒருவர் வந்து பேசியை எடுத்தபொழுது வண்டி போய்விட்டது. பெரலியவில் அலை அதனை மூடிற்று. மாண்டோர் 1,700க்கு மேற்பட்டோர் எனக் கணிக்கப்படுகிறது. உலகப் புகையிரத வரலாற்றில் இத்துணை உயிர்களைக் கொண்ட விபத்துப் பிறிதில்லை.

தோர்ப்பில் தடையின்றிச் சென்ற சொல் கொன்றது; பெரலியவிற் சென்றடையாத சொல் காக்கத் தவறிற்று. அந்நிலையத்தார் கடமையில் வழுவினரல்லர். கடமையே அவர்களை மேடைக்கு அழைத்தது. பிழை, ஓர் அழைப்பு ஓரிடத்தில் மாத்திரம் ஒலிக்க வைத்த அமைப்பினது. இரண்டாம் மேசையை ஆடம்பரச் செலவென எண்ணுவோர், அது முதலாமவர் எழுந்து சென்ற கணத்திற்காக வைக்கப்பட்ட செவி என்பதை உணர்தல் வேண்டும்.