48 மணி நேரம் யாருடையது?

என் முதல் கேம் ஜாம் 48 மணி நேரம் நடந்தது. அதில் நான் இருந்தது 22 மணி நேரம்.

கேம் ஜாம் என்பது ஒரு கூடல். தொடக்கத்தில் ஒரு கருப்பொருளை அறிவிப்பார்கள். குறித்த நேரத்துக்குள் அதை வைத்து ஒரு கணினி விளையாட்டை யோசித்து, நிரல் எழுதி, படம் வரைந்து, ஆடிக் காட்ட வேண்டும். எங்களுக்கு வெள்ளி மாலை ஐந்து மணியிலிருந்து ஞாயிறு மாலை ஐந்து மணி வரை. என் விடுதி கேட்டோ இரவு எட்டு மணிக்குப் பூட்டப்படும்.

வெள்ளியன்று ஓர் உருவத்தை இடமும் வலமும் நடக்கவைக்கும் நிரலை எழுதிவிட்டு ஓடினேன். நான் எழுதி ஓடிய முதல் நிரல் அது. சனிக்கிழமை காலை திரும்பியபோது, அங்கேயே பெட்ஷீட் விரித்துத் தூங்கிய என் அணிப் பையன்கள் அதை அழித்து வேறு எழுதியிருந்தார்கள். "நீ இல்லையே, வேலை ஓடணுமே" என்றான் ஒருவன். கோபமாகச் சொல்லவில்லை. "நீ பேக்ரவுண்ட் வரைஞ்சிடு, பொண்ணுங்களுக்குக் கலர் நல்லா வரும்" என்றான் இன்னொருவன். வரைந்தேன். எனக்கு வேகம் போதாது என்றே வெகுநாள் நம்பியிருந்தேன்.

அந்த 48 மணி நேரத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

2002இல் அமெரிக்காவின் ஓக்லாண்டில் கிறிஸ் ஹெக்கரும் ஷான் பாரெட்டும் சில நிரலாளர்களைக் கூட்டி 'இண்டி கேம் ஜாம்' நடத்தினார்கள். திரையில் ஒரு லட்சம் உருவங்கள் வரை காட்டக்கூடிய ஒரு நிரலைப் பொதுவாகக் கொடுத்து, நிறுவனங்கள் பணம் போடத் தயங்கும் யோசனைகளைச் செய்துபார்க்கச் சொன்னார்கள். வந்தவர்கள் தொழிலில் கைதேர்ந்தவர்கள். புதியவர்களுக்குக் கற்றுத்தருவது அதன் நோக்கமல்ல. அதே ஆண்டில் இணையவழியில் 'லூடும் டேர்' தொடங்கியது. 2009 ஜனவரியில், சூசன் கோல்ட் என்ற பெண் இருவருடன் சேர்ந்து உருவாக்கிய 'குளோபல் கேம் ஜாம்' ஒரே வார இறுதியில் 23 நாடுகளில் நடந்தது. அதற்குப் பின்தான் கல்லூரி மாணவர்களும் முதன்முறை முயல்பவர்களும் பெருவாரியாக வந்தார்கள்.

ஒரு தொடக்கநிலையாளருக்கு ஜாம் தருவது முக்கியமாக ஒன்று: சிறியதாக நினைக்கும் பழக்கம். தனியாகக் கற்கும்போது பெரிய உலகத்தைக் கனவு கண்டு, மூன்றாம் வாரத்தில் கைவிட்டுவிடுவோம். ஜாமில் கடிகாரமே வெட்டிவிடும். ஒரு திரை, ஒரு விதி, ஒரு முடிவு. அது அரைகுறையாக இருந்தாலும் இன்னொருவர் கையில் கொடுத்து, அவர் எங்கே தடுமாறுகிறார் என்று பார்க்கலாம். ஒரு கேமை முடித்துக்காட்டுவது என்ன என்பதைப் பாடப்புத்தகம் இப்படிச் சொல்லித்தராது.

ஆனால் இரண்டு இரவுகள் தரையில் படுத்துக்கொள்ள யாரால் முடியும்? சமையல் காத்திருக்காத, கைக்குழந்தை இல்லாத, இரவில் எங்கே இருக்கிறாய் என்று யாரும் கேட்காத உடலால் முடியும். அந்த ஏற்பாட்டில் யாரும் பெண்களை வராதே என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை.

பெண்களுக்கு இந்தக் கலை வராது என்பதும் பொய். டோனா பெய்லி 1981இல் வெளியான 'சென்டிபீட்' விளையாட்டை உருவாக்கிய இருவரில் ஒருவர். கரோல் ஷா எழுதிய 'ரிவர் ரெய்டு' 1982இல் வந்தது. இருவருமே பின்னர் அந்தத் தொழிலை விட்டு விலகினார்கள். தொழிலுக்குள் வருவதற்குக் கதவு இருந்ததுபோல, வெளியேறவும் ஒரு கதவு இருந்தது.

கனடாவின் டொராண்டோவில் பெண்கள் நேரத்தையே மாற்றினார்கள். 2011இல் 'டிஃபரன்ஸ் எஞ்சின் இனிஷியேட்டிவ்' என்ற முயற்சி, முன்பு கேம் செய்திராத பெண்களைச் சேர்த்து, ஒரே வார இறுதியில் நெருக்காமல் பல வாரங்களுக்குப் பரப்பிக் கற்பித்தது. அதைத் தொடர்ந்து 2012இல் 'டேம்ஸ் மேக்கிங் கேம்ஸ்' அமைப்பு உருவானது. இரவு முழுக்க விழித்திருப்பது ஆர்வத்தின் அளவுகோல் அல்ல என்பதை அவர்கள் செயலில் காட்டினார்கள்.

2014இல் லாஸ் ஏஞ்சலீஸில் இன்னொன்று நடந்தது. ஒரு கேம் ஜாமைப் போட்டி நிகழ்ச்சியாகப் படமாக்கினார்கள். அழகான பெண் அணியில் இருப்பது சாதகமா பாதகமா என்ற தொனியில் கேள்விகள் வந்தன. பங்கேற்ற ஏட்ரியல் வாலிக்கும் மற்ற அணித் தலைவர்களும், ஆண்கள் உட்பட, வெளிநடப்பு செய்தார்கள். படப்பிடிப்பு அத்துடன் நின்றது. அதே ஆண்டு வாலிக் 'டிரெயின் ஜாம்' என்று ஒன்றைத் தொடங்கினார். சிகாகோவிலிருந்து சான்பிரான்சிஸ்கோ பக்கம் போகும் ரயிலில், ஐம்பது மணி நேரத்துக்கும் மேலான பயணத்தில், கேம் செய்துகொண்டே போவது. ஜாம் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பெண்ணும் தீர்மானிக்கலாம் என்று இதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. வெளிநடப்பு செய்தவர்களில் ஆண்களும் இருந்தார்கள் என்பதை இரண்டு முறை படித்தேன். என் அணியில் யாரும் எழுந்து நிற்கவில்லை.

என் இரண்டாவது ஜாம் ஒரு வாரம் நீண்டது, இணையவழி. அறைத்தோழியும் நானும் 'ட்வைன்' என்ற இலவச மென்பொருளில் எழுத்தாலான கேம் செய்தோம். பெரிதாக நிரல் தெரிய வேண்டியதில்லை. ஒரு பத்தியை எழுதி, அதன் சொற்களை அடுத்த பத்திக்கு இணைக்க வேண்டும். தமிழிலேயே எழுதினோம். எட்டு மணிக்குள் விடுதி கேட்டை அடைய வேண்டும், அவ்வளவுதான் கதை. தினமும் இரவு உணவுக்குப் பின் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தோம். ஷேர் ஆட்டோவில் ஏறினால் அடுத்த பக்கமே இல்லை, இணைக்க மறந்துவிட்டோம். ஆடிய ஒரு பெண், "எனக்கும் அந்த ஆட்டோ வரவே இல்லை" என்று எழுதியிருந்தாள். அந்தப் பிழையைத் திருத்தினோம், கொஞ்சம் வருத்தத்தோடு.

ஜாமில் சேர நினைக்கும் மாணவிகளுக்கு: எத்தனை மணி நேரம், இரவு தங்க வேண்டுமா, வீட்டிலிருந்தே சேரலாமா என்று முதலில் கேளுங்கள். அணியில் யார் எதைச் செய்வது என்பதை முதல் மணி நேரத்திலேயே பேசுங்கள். நீங்கள் எழுதிய நிரலின் ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். இடமும் வலமும் நடந்த என் உருவத்தின் பிரதி என்னிடம் இல்லை.