வெளியூர் சாமியாரின் கவலை

கோவை பெரிய கடைவீதிக்குப் போனால், புனித மிக்கேல் பேராலயத்தின் முன்னால் ஒரு நிமிஷம் நில்லுங்கள்.

1846. கருமத்தம்பட்டியில் ஆயர் பட்டம் ஏற்றார், பிரெஞ்சுக்காரர் பிரெசிலாக். வயது 32. 'நாம் வெளியூர்க்காரர்கள். நமக்குப் பின்னால் இந்தச் சபையை யார் நடத்துவார்கள்?' இதுதான் அவருடைய கவலை. உள்ளூர்க்காரர்களையே குருக்களாக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக நின்றார். ஆனால், சாதி வழக்கங்களுக்குச் சபையில் எவ்வளவு இடம் என்ற சச்சரவில் மனம் வெதும்பி ராஜினாமா செய்தார்!

1856-ல் லியோனில் ஆப்பிரிக்காவுக்கென ஒரு சபையைத் தொடங்கினார். 1859-ல் ஃப்ரீடவுனில் இறங்கிய ஆறே வாரத்தில், மஞ்சள் காய்ச்சல் அவரைக் கொண்டுபோய்விட்டது.

தோற்றுவிட்டாரா? 1940-ல் கோவை ஆயரானார் உபகாரசாமி, ஓர் இந்தியர். அதற்கு 94 வருஷம் பிடித்தது. ஆரம்பித்தவர் போன பிறகும் சபை நிற்கிறதென்றால், பொறுப்பு மக்கள் கைக்கு வந்ததால்தான்.