கடவுச்சாவி

கடவுச்சாவி என்பது கடவுச்சொல்லைத் தட்டச்சிடாமல் இணையக் கணக்கு ஒன்றினுள் புகுபதிகை செய்ய உதவும் எண்ணிம அடையாளச் சான்று ஆகும். இது பாஸ்கீ என்ற பெயராலும் அறியப்படுகின்றது. பயனர் தமது கைப்பேசியையோ கணினியையோ விரல்ரேகை, முகம், இரகசிய எண், கோலம் ஆகியவற்றுள் ஒன்றால் திறப்பது போலவே கணக்கையும் திறக்கிறார். கடவுச்சொல் பயனரின் நினைவில் இருப்பது. கடவுச்சாவி அவரது கருவியில் இருப்பது. இதனால் போலித் தளங்களிடம் ஏமாறும் வாய்ப்பு பெரிதும் குறைகின்றது. அதே வேளையில், கருவி தொலைந்தால் கணக்கை மீட்கும் வழியை முன்னரே அமைத்துக் கொள்வது இன்றியமையாததாகின்றது.

வரலாறு

பல பயனர்கள் பகிர்ந்து கொள்ளும் கணினிகளில் கடவுச்சொல்லின் பயன்பாடு, 1960களின் தொடக்கத்தில் மாசாச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தின் நேரப்பகிர்வு அமைப்பில் தொடங்கியது. கடவுச்சாவிக்கு அடிப்படையான பொதுச்சாவி மறையீட்டியல் என்னும் கருத்தை விட்ஃபீல்டு டிஃபி, மார்ட்டின் எல்மன் ஆகியோர் 1976 இல் வெளியிட்டனர்.

கடவுச்சொல்லுக்கு மாற்றாகப் பொதுத் தரம் ஒன்றை உருவாக்கும் நோக்குடன் 2012 இல் அமைக்கப்பட்ட ஃபைடோ கூட்டமைப்பு, 2013 பெப்ரவரியில் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. உலாவிகளுக்கான வெப்ஆத்தென் தரத்தை உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2019 மார்ச் 4 அன்று ஏற்றுக்கொண்டது. 2022 மே 5 அன்று ஆப்பிள், கூகுள், மைக்ரோசாப்ட் ஆகிய மூன்று நிறுவனங்களும் இத்தரத்திற்கான ஆதரவை விரிவாக்குவதாகக் கூட்டாக அறிவித்தன. அவ்வாண்டு செப்டம்பரில் ஆப்பிளின் ஐஓஎஸ் 16 இல் இவ்வசதி இடம்பெற்றது. கூகுள் கணக்குகளுக்கு 2023 மே மாதத்திலும், ஆண்ட்ராய்டு வாட்சப்பிற்கு 2023 அக்டோபரிலும், மைக்ரோசாப்டின் தனிநபர் கணக்குகளுக்கு 2024 மே மாதத்திலும் கடவுச்சாவி அறிமுகமானது.

செயற்படும் முறை

கடவுச்சாவி ஒன்றை உருவாக்கும்போது ஒன்றோடொன்று தொடர்புடைய இரண்டு சாவிகள் உருவாகின்றன. தனிச்சாவி பயனரின் கருவியிலோ அவரது சாவி மேலாளரிலோ மறைவாக வைக்கப்படுகின்றது. பொதுச்சாவி சேவை நிறுவனத்தின் வழங்கிக்கு அனுப்பப்படுகின்றது. பொதுச்சாவியைக் கொண்டு தனிச்சாவியைக் கண்டறிதல் நடைமுறையில் இயலாததாகும்.

புகுபதிகையின்போது வழங்கி ஒவ்வொரு முறையும் புதிய எண்தொடர் ஒன்றை அனுப்புகின்றது. பயனர் திரைப்பூட்டைத் திறந்ததும் கருவி அந்த எண்தொடரில் தனிச்சாவியால் எண்ணிமக் கையொப்பம் இடுகின்றது. வழங்கி அதனைப் பொதுச்சாவியால் சரிபார்த்துக் கணக்கைத் திறக்கின்றது. இதில் தனிச்சாவி வழங்கிக்கு அனுப்பப்படுவதில்லை. எனவே வழங்கியின் தரவுகள் திருடப்பட்டாலும் திருடியவருக்குக் கிடைப்பது பொதுச்சாவி மட்டுமே.

ஒவ்வொரு கடவுச்சாவியும் ஒரு தளத்தின் முகவரியுடன் பிணைக்கப்பட்டுள்ளது. வங்கியின் தளத்தைப் போலவே தோற்றமளிக்கும் போலித் தளத்தில் மனிதர் ஏமாந்து கடவுச்சொல்லைத் தட்டச்சிடலாம். ஆனால் முகவரி வேறாக இருப்பதால் அங்கு கருவி கையொப்பம் இடாது. ஃபிஷிங் எனப்படும் தூண்டில் மோசடிக்கு எதிராகக் கடவுச்சாவியின் வலிமை இதில்தான் உள்ளது.

இதனை ஆதார் விரல்ரேகைச் சரிபார்ப்புடன் குழப்பிக் கொள்ளுதல் கூடாது. ஆதார் முறையில் விரல்ரேகைத் தரவு மறையீடு செய்யப்பட்டு, மைய அமைப்பில் உள்ள பதிவுடன் ஒப்பிடப்படுகின்றது. கடவுச்சாவி முறையில் விரல்ரேகையோ முகமோ கருவியை விட்டு வெளியே செல்வதில்லை. அது தனிச்சாவியைப் பயன்படுத்த இசைவளிக்கும் பூட்டு மட்டுமே.

இந்தியாவில்

இந்திய ரிசர்வ் வங்கி, அட்டை நேரில் இல்லாத இணையவழிப் பணப்பரிமாற்றங்களுக்குக் கூடுதல் சரிபார்ப்பை 2009 ஆகஸ்டு 1 முதல் கட்டாயமாக்கியது. காலப்போக்கில் குறுஞ்செய்தியாக வரும் ஒருமுறைக் கடவுச்சொல், அதாவது ஓடிபி, இதற்கான பொது வழியாயிற்று. 2024 ஆகஸ்டில் மாஸ்டர்கார்டு நிறுவனம் பணம் செலுத்துவதற்கான கடவுச்சாவிச் சேவையின் முன்னோட்டத்தை இந்தியாவில் தொடங்கியது. 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறைகள், இரண்டு சரிபார்ப்புக் காரணிகள் வேண்டும் என்பதைத் தொடர்ந்து வலியுறுத்தினாலும், குறுஞ்செய்தி தவிர்ந்த வழிகளுக்கும் இடமளித்தன. இவை நடைமுறைக்கு வரும் நாளாக 2026 ஏப்ரல் 1 குறிக்கப்பட்டது.

குறுஞ்செய்தி அலைபேசி எண்ணைச் சார்ந்தது. வீட்டையும் ஊரையும் விட்டு நெடுநாள் விலகியிருப்போருக்கு இது இடர்ப்பாடாகின்றது. கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சலுக்கும் தேங்காய்ப்பட்டணத்திற்கும் இடையே உள்ள இனயம் போன்ற அரபிக்கடலோர ஊர்கள் இதற்கு எடுத்துக்காட்டாகும். இக்கடற்கரையில் ஆழ்கடல் மீன்பிடிப்பிற்கும் வளைகுடா நாடுகளில் வேலைக்கும் செல்வோர் பலர் உள்ளனர். வெளிநாட்டில் இருக்கும்போது இந்திய எண்ணிற்குப் பணம் கட்டாது விட்டால் அந்த எண் முடக்கப்படலாம். முடக்கப்பட்ட எண், குறைந்தது 90 நாட்கள் கழிந்தபின் வேறொருவருக்கு வழங்கப்படலாம். அவ்வாறு நேர்ந்தால் கணக்கிற்கான குறியீடும் புதியவருக்கே செல்லும்.

கடவுச்சாவிக்கு இணைய இணைப்பும் கருவியும் போதும், குறுஞ்செய்தி தேவையில்லை. எனினும் கடவுச்சாவியை ஏற்காத சேவைகளுக்குப் பழைய எண்ணின் தேவை தொடரும். வலையும் கயிறும் இழுத்துத் தேய்ந்த விரல்களையோ ஈரமான விரல்களையோ கைப்பேசி அடையாளம் காணாதபோது, திரைப்பூட்டின் இரகசிய எண்ணையே பயன்படுத்தலாம். விரல்ரேகை கட்டாயமன்று.

அமைத்தல்

கூகுள் கணக்கிற்குக் கடவுச்சாவி அமைக்க ஆண்ட்ராய்டு 9, ஐஓஎஸ் 16, விண்டோஸ் 10 ஆகியவற்றுள் ஒன்றோ அதன் பிந்திய பதிப்போ வேண்டும். பிற சேவைகளிலும் வழிமுறை ஏறத்தாழ ஒன்றே.

1. கருவியில் திரைப்பூட்டு இல்லையெனில் முதலில் அதனை அமைத்தல் வேண்டும்.
2. கணக்கில் வழக்கமான முறையில் புகுபதிகை செய்து, அமைப்புகளில் பாதுகாப்பு என்னும் பகுதிக்குச் செல்ல வேண்டும்.
3. கடவுச்சாவி என்பதைத் தெரிந்து, புதியதை உருவாக்க வேண்டும்.
4. சாவி எங்கு சேமிக்கப்படுகின்றது எனக் கவனிக்க வேண்டும். அது கூகுள் கடவுச்சொல் மேலாளர், ஆப்பிள் ஐகிளவுடு சாவிக்கொத்து, விண்டோஸ் ஹலோ, தனிப் பாதுகாப்புச் சாவி ஆகியவற்றுள் ஒன்றாக இருக்கலாம்.
5. திரைப்பூட்டைத் திறந்து இசைவளித்தால் கடவுச்சாவி உருவாகும்.

பிறருக்குரிய கணினியிலோ பொதுக் கணினி நிலையத்திலோ கடவுச்சாவியை உருவாக்குதல் கூடாது. அங்கு புகுபதிகை செய்ய வேண்டின், திரையில் தோன்றும் கியூஆர் குறியைத் தமது கைப்பேசியால் படிக்கலாம். கைப்பேசி அருகிலேயே உள்ளதா என்பது புளூடூத் மூலம் உறுதி செய்யப்படுவதால், தொலைவில் இருப்பவர் இக்குறியை அனுப்பி ஏமாற்ற இயலாது. பணி முடிந்ததும் அக்கணினியிலிருந்து விடுபதிகை செய்ய வேண்டும்.

மேலாண்மை

கடவுச்சாவியின் இரு பாதிகள் இரு இடங்களில் இருப்பதால் நீக்குதலும் இருவகைப்படும். கைப்பேசியில் மட்டும் நீக்கினால் சேவையின் வழங்கியில் பொதுச்சாவி எஞ்சி நிற்கும். கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் நீக்கினால், கைப்பேசியில் எஞ்சியுள்ள தனிச்சாவி அக்கணக்கைத் திறக்காது. எனவே கைப்பேசி தொலைந்தாலும் திருடப்பட்டாலும் முதலில் செய்ய வேண்டியது, வேறொரு கருவியிலிருந்து கணக்கினுள் சென்று அந்தக் கடவுச்சாவியை நீக்குவதும் தொலைந்த கருவியை விடுபதிகை செய்வதுமாகும். ஒன்றுக்கு மேற்பட்ட சாவிகள் இருப்பின், எது எந்தக் கருவிக்குரியது எனத் தெரியுமாறு பெயரிடுதல் நன்று.

இழப்பும் மீட்பும்

கூகுள், ஆப்பிள் மேலாளர்களில் உள்ள கடவுச்சாவிகள் மறையீடு செய்யப்பட்டுப் பயனரின் பிற கருவிகளுடன் ஒத்திசைக்கப்படுகின்றன. கைப்பேசி கடலில் விழுந்தாலும் புதிய கைப்பேசியில் அவற்றைத் திரும்பப் பெற இயலும். கூகுள் முறையில் இதற்கு மேலாளருக்கான இரகசிய எண்ணோ பழைய ஆண்ட்ராய்டு கருவியின் திரைப்பூட்டோ கேட்கப்படுகின்றது. ஆகவே பழைய கைப்பேசியின் இரகசிய எண்ணை மறவாதிருத்தல் வேண்டும். தனிப் பாதுகாப்புச் சாவியில் சேமிக்கப்பட்டவை ஒத்திசைக்கப்படுவதில்லை. அவற்றிற்கு இரண்டாவது சாவி ஒன்றைப் பதிவு செய்து வேறிடத்தில் வைத்தல் வேண்டும்.

பயணத்திற்கு முன் இரண்டாவது கருவியில் கடவுச்சாவி அமைத்தல், மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதி வீட்டில் வைத்தல், மீட்பு மின்னஞ்சலையும் தொலைபேசி எண்ணையும் சரிபார்த்தல் ஆகியவை பயன் தருவன.

குறைபாடுகள்

- கருவியைத் திறக்கக் கூடிய எவரும் அதிலுள்ள கடவுச்சாவியைப் பயன்படுத்தக்கூடும். குடும்பத்தினர் பலரின் விரல்ரேகைகள் பதிந்த கைப்பேசியில் இது கருதத்தக்கது. எளிதில் ஊகிக்கக்கூடிய இரகசிய எண்ணும் இத்தகைய இடரைத் தரும்.
- கடவுச்சாவி அமைத்த பின்னரும் பல சேவைகளில் பழைய கடவுச்சொல்லும் குறுஞ்செய்தி மீட்பும் செயற்படுகின்றன. முன்வாசல் வலுவானாலும் பின்வாசல் திறந்தே இருக்கும்.
- ஒரு மேலாளரிலிருந்து வேறொன்றிற்குச் சாவிகளை மாற்றுதல் நெடுங்காலம் இயலாதிருந்தது. இதற்கான வரைவுத் தரத்தை ஃபைடோ கூட்டமைப்பு 2024 அக்டோபரில் வெளியிட்டது. 2025 இல் வெளியான ஐஓஎஸ் 26 இல் இவ்வசதி சேர்க்கப்பட்டது.
- ஒருவர் தாமே இசைந்து பணம் அனுப்புமாறு தொலைபேசியில் ஏமாற்றப்படுவதைக் கடவுச்சாவியால் தடுக்க இயலாது.

இவற்றையும் பார்க்கவும்

- கடவுச்சொல்
- பொதுச்சாவி மறையீட்டியல்
- எண்ணிமக் கையொப்பம்
- ஆதார் அடையாள அட்டை