பன்னிரண்டிலிருந்து ஐந்துக்கு: ஒரு குட்டி வரலாறு

நம்ம ஊருக்கு கரண்ட் இறங்கி வந்த கதையில கோதையாறுக்கு முக்கிய இடம் உண்டு. அங்கே முதல் மின்நிலையம் (60 மெகாவாட்) 1970-லும், இரண்டாவது (40 மெகாவாட்) 1971-லும் ஓட ஆரம்பிச்சுது. மலையிலிருந்து உயர் அழுத்தத்தில் வர்ற மின்சாரம், டிரான்ஸ்பார்மர் டிரான்ஸ்பார்மராகக் குறைஞ்சு, வீட்டுக்குள்ளே 230 வோல்ட்டா நுழையுது. ஏசிக்கு இது சரி. ஆனா பேட்டரியில இருக்கிறது டிசி; டிரான்ஸ்பார்மர் கிட்ட அது வேகாது. 12 வோல்ட்டை 5 ஆக்க என்ன செய்ய?

1969-ல் நேஷனல் செமிகண்டக்டர் கம்பெனியில பாப் விட்லர் எல்எம்309 என்ற 5 வோல்ட் ரெகுலேட்டரை உருவாக்கினார். பிறகு 7805, வேண்டிய வோல்ட்டுக்கு மாத்தி வச்சுக்கிற எல்எம்317 எல்லாம் வந்துது. எல்லாத்துக்கும் ஒரே குணம்தான்: மிச்ச வோல்ட்டை சூடாக்கியே கழிக்கும். 1 ஆம்பியர் எடுத்தா 7 வாட் சூடாப் போகும், 5 வாட்தான் நமக்கு.

1990களில் அதே கம்பெனி கொண்டுவந்த எல்எம்2596 வேற வழியில போச்சு. வினாடிக்கு 1,50,000 தடவை சுவிட்சைப் போட்டு அணைச்சு, சக்தியை காயில்ல சேர்த்து, கெப்பாசிட்டர்ல சீராக்கிக் கொடுக்கும். சுமார் 80 சதவீதம் கைக்கு வரும். நீலத் திருகு வச்ச குட்டி போர்டா இன்னைக்குக் கடையில கிடைக்கிறது இதுதான்.

இதுல என்ன பெரிய விஷயம்னு கேக்கலாம். 2017 நவம்பர் 30-ஐ நினைச்சுப் பாருங்க. ஒக்கி புயல்ல கம்பங்கள் சாய்ஞ்சு, பல ஊர்கள் நாள்கணக்கா இருட்டுல கிடந்துது. முப்பந்தல்ல அத்தனை காத்தாடி நின்னும் பிரயோசனமில்லை. லைன் அறுந்தா அதுக வீட்டு விளக்கை எரிக்காது. தூத்தூர், வள்ளவிளை பக்கமெல்லாம் கடலுக்குப் போன ஆளுங்களோட சேதிக்காக போனையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அந்த மாதிரி ராத்திரியில, 7 ஆம்பியர்-மணி பேட்டரி 7805 வழியா அந்த 1 ஆம்பியரை 7 மணி நேரம் தரும்னா, இந்த போர்டு வழியா கணக்குப்படி 13 மணி நேரம் தரும். பேட்டரி அதேதான், பாத்துக்கிடுங்க.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க மக்கா: முதல்ல மல்டிமீட்டரை வச்சுத் திருகி 5 வோல்ட்டுக்குக் கொண்டுவாங்க. அப்புறம்தான் போனை மாட்டணும். அடுத்த புயலுக்கு முன்னாடியே செஞ்சு வச்சிருங்க.