கிளாசிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்

கிளாசிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் என்பது புகழ்பெற்ற இலக்கியங்களைச் சிறுவர்களுக்காகப் படக்கதைகளாகச் சுருக்கித் தந்த அமெரிக்க இதழ்த் தொடர். 1941 முதல் 1971 வரை நடந்தது; மொத்தம் 169 இதழ்கள்.

தோற்றம்

தொடரின் தந்தை ஆல்பர்ட் கான்டர். ரஷ்யப் பேரரசில் பிறந்து இளம் வயதில் அமெரிக்காவில் குடியேறியவர். புத்தக விற்பனையாளராக ஊர் ஊராக அலைந்தவர். காமிக்ஸில் மூழ்கிக் கிடந்த பிள்ளைகளை நல்ல நூல்களின் பக்கம் இழுக்க, அந்தக் காமிக்ஸையே தூண்டிலாக்கினார். 1941 அக்டோபரில் ‘கிளாசிக் காமிக்ஸ்’ என்ற பெயரில் முதல் இதழ் வந்தது. கதை, அலெக்சாந்தர் தூமாவின் ‘மூன்று மஸ்கடியர்கள்’. ஓவியர் மால்கம் கில்டேல். விலை 10 சென்ட். நான்காம் இதழிலிருந்து கில்பர்ட்டன் நிறுவனம் வெளியிட்டது. காமிக்ஸ் என்ற சொல்லைக் கேட்டாலே பெற்றோரும் ஆசிரியர்களும் முகம் சுளித்த காலம் அது. எனவே 1947 மார்ச்சில், 35ஆம் இதழுடன் பெயர் ‘கிளாசிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ என மாறியது. தொடக்கத்தில் 64 பக்கமாக இருந்த இதழ் 56 ஆகி, பின் 48இல் நிலைத்தது. 1951இல் ‘ஒடிசி’ (எண் 81) முதல் அட்டையில் தூரிகையால் தீட்டிய ஓவியம் இடம்பெற்றது. விலையும் 15 சென்ட் ஆனது.

பதிப்பை அறியும் முறை

மற்ற காமிக்ஸ்கள் ஒரு முறை அச்சாகி மறைந்தபோது, இவை மீண்டும் மீண்டும் அச்சாயின. பதிப்பை அடையாளம் காட்டுவது, அஞ்சலில் வாங்குவதற்காக இதழிலேயே அச்சிட்ட பழைய இதழ்களின் பட்டியல். அதிலுள்ள மிகப் பெரிய எண்ணே சாவி. ‘மூன்று மஸ்கடியர்கள்’ இதழில் பட்டியல் 10 வரை நீண்டால் அது மறுபதிப்பு. பழைய ஓவியங்களும் மாற்றப்பட்டன. இதே கதையை 1959இல் ஜார்ஜ் எவன்ஸ் புதிதாக வரைந்தார்.

உள்ளடக்கம்

ஷேக்ஸ்பியர் நாடகங்களில் மூல வரிகளே பேச்சுக் குமிழிகளில் வந்தன. கதை முடிந்ததும் ஆசிரியரின் வாழ்க்கைக் குறிப்பும், மூலநூலைப் படிக்கும்படி ஒரு வேண்டுகோளும் இருக்கும். 1954இல் மனநல மருத்துவர் பிரெட்ரிக் வெர்தாம் காமிக்ஸைச் சாடியபோது இவற்றையும் விட்டுவைக்கவில்லை. எனினும் பல பிள்ளைகளுக்கு மூலநூலின் வாசலைத் திறந்தவை இவையே.

பிற்காலம்

1967இல் தொடர் கைமாறியது, 1971இல் நின்றது. 1990இல் வேறு பதிப்பகத்தார் இதே பெயரில் புதிய வரிசை வெளியிட்டனர்.