மேரி கிளப்வாலா ஜாதவ்: தொண்டுக்கு ஒரு கல்லூரி

மேரி கிளப்வாலா ஜாதவ் 1909-இல் உதகமண்டலத்தில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பு சென்னையில். அன்றைய சென்னையில் பார்சிகள் சில நூறு பேர்தான். இராயபுரத்தில் உள்ள அவர்களுடைய அக்னி கோயில் 1910-இல் எழுந்தது. மகனை அவனுடைய இளம் வயதிலேயே பறிகொடுத்த பெரோஸ் கிளப்வாலா, அந்தப் பிள்ளையின் நினைவாகக் கட்டிக் கொடுத்த கோயில் அது. தமிழ்நாட்டில் வேறு அக்னி கோயில் கிடையாது. தலைகளை எண்ணினால் சிறிய சமூகம். அறக்கொடை என்று வந்தால் முன்வரிசையில் நிற்கும் சமூகம். மேரிக்குக் கிளப்வாலா என்ற பெயர், பதினெட்டாவது வயதில் நோகி கிளப்வாலாவை மணந்தபோது வந்து சேர்ந்தது.

1930-இல் ஒரு மகன் பிறந்தான். 1935-இல் கணவர் நோய்வாய்ப்பட்டு இறந்தார். மேரிக்கு அப்போது 26 வயது, குழந்தைக்கு ஐந்து. இளம் விதவை என்ற சொல் அக்காலச் சென்னையில் சுமந்திருந்த பாரத்தை இன்று விளக்கித்தான் சொல்ல வேண்டும். சகோதரி சுப்புலட்சுமி பிராமண இளம் விதவைகளைப் படிக்க வைக்க 1912-இல் வீடு எடுத்தபோது ஊரே முகம் சுளித்தது. அதற்குப் பின் கால் நூற்றாண்டுகூடக் கழிந்திருக்கவில்லை. பார்சிப் பெண்ணான மேரிக்கு முக்காடு, மூலை, மறுமணத் தடை எதுவும் இல்லை. வீட்டைவிட்டு வெளியே வர யாரிடமும் அவர் போராட வேண்டியிருக்கவில்லை. அவருடைய பணியை மதிப்பிடும்போது இந்த வசதியையும் கணக்கில் சேர்ப்பதே நியாயம். ஆனால் வசதி இருந்த எல்லாரும் வெளியே வந்துவிடவில்லை. குழந்தையை வளர்த்துக்கொண்டே அவர் முழுநேரத் தொண்டில் இறங்கினார்.

அவர் இறங்கிய இடம் கில்ட் ஆஃப் சர்வீஸ். சென்னைப் பேராயரின் மனைவி திருமதி வாலர் 1923-இல் தொடங்கிய தன்னார்வ அமைப்பு இது. அநாதைக் குழந்தைகள், எழுத்தறியாப் பெண்கள், உடல் ஊனமுற்றோர் என்று அதன் பணி பல கிளைகளாக விரிந்தது. ஒரு பிள்ளையின் தாய், பல விடுதிப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் பொறுப்பேற்றவர்களில் ஒருவரானார். நிதி திரட்டுவதிலும் ஆட்களைச் சேர்த்து வேலை வாங்குவதிலும் அவருக்கு இருந்த திறமை இங்கேதான் தெரிய வந்தது.

அந்தத் திறமைக்குப் பெரிய சோதனை போர்க்காலத்தில் வந்தது. 1942 ஏப்ரல் 5-ஆம் தேதி கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. சென்னைவாசிகள் மூட்டை முடிச்சுகளோடு உள்நாட்டு ஊர்களுக்கு ஓடினார்கள். நகரம் பாதி காலியானது. ஜனங்கள் போன வழியில் படைவீரர்கள் வந்து இறங்கினார்கள். ஊரும் தெரியாது, பாஷையும் தெரியாது. ஓய்வு நேரத்தில் போக இடமில்லை. அவ்வாண்டு மேரி இந்திய உபசரிப்புக் குழுவைத் தொடங்கி, பல சமூகப் பெண்களை அதில் சேர்த்தார். நடமாடும் கேன்டீன்கள் ஓடின. பெண்கள் இராணுவ மருத்துவமனைகளுக்குப் போய் நோயாளிகளோடு பேசிக்கொண்டிருந்தார்கள். படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்களின் மனம் வலியிலேயே உழலாதபடி கைவேலைகளில் ஈடுபடுத்தும் முறையும் அதில் இருந்தது. காயத்தை மருத்துவர் பார்த்துக்கொள்வார். நீண்ட பகல் பொழுதை யார் பார்த்துக்கொள்வது என்பதே குழு எடுத்துக்கொண்ட கேள்வி. பர்மா முனையில் வென்று திரும்பிய 14-ஆம் படை, நன்றிக்கு அடையாளமாக ஒரு ஜப்பானிய வாளை அவருக்கு அளித்தது. தளபதி கரியப்பா அவரை இராணுவத்தின் செல்லப்பிள்ளை என்று அழைத்தார். போர் முடிந்த பிறகும் குழு கலைந்துவிடவில்லை. முன்னாள் வீரர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் உதவி தொடர்ந்தது.

இந்த வேலையினூடே பழக்கமான மேஜர் சந்திரகாந்த் ஜாதவை மேரி மறுமணம் செய்துகொண்டார். சமூகத்துக்கு வெளியே மணக்கும் பெண்ணைப் பார்சி மரபு எளிதில் ஏற்பதில்லை. அவர் கிளப்வாலா என்ற பெயரை விடாமல், அதனோடு ஜாதவையும் சேர்த்துக்கொண்டார்.

அவருடைய பணிகளில் மிக நீண்ட பலன் தந்தது 1952-இல் அவர் நிறுவிய சென்னை சமூகப்பணிக் கல்லூரி. பம்பாயில் டாடா அறக்கட்டளை 1936-இல் இத்தகைய பள்ளியைத் தொடங்கியிருந்தது. தென்னிந்தியாவில் இதுவே முதல். நல்ல மனம் இருந்தால் போதாதா, தொண்டுக்கு எதற்குப் படிப்பு என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. அதற்கு விடை களப்பணிக் குறிப்பேட்டில் இருக்கிறது. மாணவர் வாரத்தில் சில நாள்கள் மருத்துவமனைக்கோ குடிசைப் பகுதிக்கோ சிறுவர் இல்லத்துக்கோ போக வேண்டும். வீட்டில் எத்தனை பேர், யார் சம்பாதிக்கிறார், கடன் எவ்வளவு, பிள்ளை ஏன் பள்ளியை நிறுத்தியது என்று கேட்டறிய வேண்டும். அவர்கள் சொன்னதையும் தான் சொன்ன பதிலையும் எழுத வேண்டும். மேற்பார்வை ஆசிரியர் அதைப் படித்து, எங்கே கேட்பதற்கு முன்பே புத்திமதி சொல்லத் தொடங்கினாய் என்று சுட்டிக்காட்டுவார். இரக்கத்தைக் குறைக்க வந்த பயிற்சி அல்ல இது; உதவி பெறுபவரின் மானத்தைக் காக்க வந்தது. பரோபகாரம் செய்தே பழகிய கைகளுக்கு இந்தப் பாடம் கசந்திருக்கக்கூடும்.

மேட்டுக்குடிச் சீமாட்டிகளின் பொழுதுபோக்கு என்ற விமர்சனம் அக்காலத் தன்னார்வ அமைப்புகள் மீது எப்போதும் உண்டு. அதில் உண்மையும் உண்டு. முத்துலட்சுமி ரெட்டியைப் போல மேரி சட்டத்தோடும் வழக்கத்தோடும் மோதவில்லை. வறுமையின் வேர்களைக் கேள்வி கேட்கும் அரசியலும் அவருடையதல்ல. தன் காலம் போனபின் வேலை நிற்காமலிருக்க ஆட்களைப் பழக்கி வைக்க வேண்டும் என்பதை மட்டும் அவர் பலருக்கு முன்னே கண்டுகொண்டார். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்காக பால விஹார் இல்லத்தைத் தொடங்கியதிலும் அதே நோக்குத்தான். அந்தக் குழந்தைகளைப் பெற்றவர்களுக்கு உள்ள பெரிய கவலை, தங்களுக்குப் பின் யார் பார்ப்பார்கள் என்பது. அதற்குத் தனி மனிதரின் அன்பு போதாது, நிறுவனம் வேண்டும்.

விருதுகளும் பதவிகளும் வரிசையாக வந்தன. 1955-இல் பத்மஸ்ரீ, மறு ஆண்டு சென்னை ஷெரீப் என்ற கௌரவப் பதவி, 1968-இல் பத்மபூஷண், 1975-இல் பத்மவிபூஷண். அந்த 1975-ஆம் ஆண்டிலேயே அவர் காலமானார். கல்லூரி எழும்பூர் காசா மேஜர் சாலையில் இன்றும் நடக்கிறது; அதன் மாணவர்கள் மருத்துவமனைகளுக்கும் சிறுவர் இல்லங்களுக்கும் களப்பணிக்குப் போய் வருகிறார்கள்.